நோகும் கையைக் கேளுங்கள்!

பூண்டு உரிக்க ஒரு கருவியா? பாட்டில் மூடியைத் திருக ஒரு கருவியா? தேங்காய் துருவ ஒன்று, வெங்காயம் நறுக்க ஒன்று, மாவு பிசைய ஒன்று என்று வேலைக்கொரு பொறியா? கை இல்லையா? விரல் இல்லையா? வீட்டில் கத்தி இல்லையா, கல் இல்லையா?

இப்படிக் கேட்டு நகைப்போர் நாட்டில் நிறைய உண்டு. கேட்டதோடு வாதம் முடிந்துவிட்டது என்று மீசையை முறுக்கிக் கொள்வோரும் உண்டு.

கை இல்லையா என்று கேட்கிறார்களே, அதே கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோம். கை இல்லாதவர் என்ன செய்வார்? கை இருந்தும் விரல் மடங்காதவர் என்ன செய்வார்? விரல் மடங்கினாலும் முட்டி வீங்கி, மூட்டு வலித்து, இரவெல்லாம் தைலம் தேய்த்துவிட்டு விடியற்காலையில் அடுப்படிக்குப் போகிறாளே ஒரு தாய், அவள் என்ன செய்வாள்? நகைப்போர் நாவுக்கு இதற்கு விடை தெரியுமா?

மதுரைக்குத் தெற்கே, விமான நிலையம் செல்லும் வழியில் இருக்கிறது வில்லாபுரம். உழைப்பவர் ஊர். விடியுமுன் அடுப்பு எரியும் ஊர். அங்கே நம் தோழர்கள் மாலையில் கூடுகிற தேநீர்க் கடையில், நாம் சென்றிருந்த அன்று, இதே வாதம் எழுந்தது. மூத்த தோழர் ஒருவர் முழங்கினார்: “எங்க ஆத்தா அம்மியிலதான்யா அரைச்சுச்சு. ஒரு நோய் நொடி உண்டா? இப்பத்தான் எதுக்கெடுத்தாலும் மிஷினு!”

பக்கத்தில் இருந்த இளைய தோழர் பணிவாகவே கேட்டார்: “ஆத்தா அரைச்சது சரிண்ணே. நீங்க ஒரு நாளாச்சும் அரைச்சிருக்கீகளா?”

கடையே சிரித்தது. மூத்தவரும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி சிரித்துவிட்டுப் போகிற கேள்வியல்ல. அம்மியின் பெருமையைப் பாடுகிறவர் யார்? அம்மிக்கு முன்னால் குந்தியவர் யார்? பாடுகிறவர் ஒருவர், பாடுபட்டவர் வேறொருவர்! பல்லக்கு சுகமாய் இருந்தது என்று சாட்சி சொல்ல வேண்டியவர் உள்ளே அமர்ந்தவரா, தூக்கிச் சுமந்தவரா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். ஒரே ஒரு வேலைக்கென்று ஒரு கருவி வைத்துக்கொள்வது நேற்று முளைத்த நாகரிகமன்று. நம் பாட்டிமார் அடுக்களையை எண்ணிப் பாருங்கள். இடியாப்பம் பிழிய ஓர் உரல். அதில் வேறென்ன செய்ய முடியும்? பணியாரத்துக்கு என்றே குழி குழியாய் ஒரு சட்டி. அதில் குழம்பு வைக்க முடியுமா? புட்டுக்கு ஒரு குழாய், மோருக்கு ஒரு மத்து, இட்டிலிக்கு ஒரு கொப்பரை, உளுந்து உடைக்க ஒரு திருகை, புடைக்க ஒரு சொளகு. வேலைக்கொரு கருவி என்பது தமிழன் வீட்டு வழக்கம். அவற்றை எவரும் ஆடம்பரம் என்று சொல்லவில்லை. அவற்றைப் பயன்படுத்தியவளைச் சோம்பேறி என்றும் சொல்லவில்லை. ஏன்? அவற்றை இயக்கியது அவள் தோள் வலிமை! அவள் தோளுக்கு ஓய்வு தரும் கருவி வந்த பிறகுதான் ‘சோம்பேறித்தனம்’ என்ற சொல்லே சிலர் வாயில் பிறந்தது.

ஓய்வு தந்த கருவி எங்கே பிறந்தது? சீமையிலா? இல்லை, நம் கோவையில்! 1955-ஆம் ஆண்டு கோவையைச் சேர்ந்த ப. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மின்விசை பூட்டினார். குழவியைக் கை சுற்றிய காலம் போய், கல்லை மோட்டார் சுற்றும் காலம் வந்தது. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயருக்கு இன்று புவிசார் குறியீடே உண்டு. அதே 1955-இல்தான் சப்பான் நாட்டில் தோசிபா நிறுவனம், சோறு வெந்ததும் தானே நின்றுவிடும் மின்குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரிசி உண்ணும் இரண்டு நாடுகள், ஒரே ஆண்டில், அடுப்படியில் நிற்பவளின் முதுகு வலியைப் பற்றி எண்ணின. மனிதன் செய்யும் மாட்டு வேலையை எந்திரம் செய்யட்டும், மனிதன் மனிதனாக வாழட்டும் என்று ‘இனிவரும் உலகம்’ பற்றிப் பேசினாரே பெரியார், அந்த உலகத்தின் ஒரு கீற்று அடுக்களைச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தது.

ஆனால் எட்டிப் பார்த்த வெளிச்சம் எல்லார் வீட்டிலும் விழுந்ததா? மாடிவீட்டில் கிரைண்டர் சுழன்றது. மாடிவீட்டுக்கு மாவரைத்துக் கொடுக்கப் போனவள் தன் குடிசைக்குத் திரும்பி ஆட்டுக்கல்லின் முன் குந்தினாள். பல்லாண்டு இதுவே நிலை.

2006-க்குப் பின் தமிழக அரசு ஏழை வீடுகளுக்கு எரிவாயு அடுப்பும் இணைப்பும் தந்தது. 2011 தேர்தலில் இரு கழகங்களும் அடுக்களையைத் தேர்தல் அறிக்கையில் ஏற்றின. ஒன்று மிக்ஸி அல்லது கிரைண்டர் என்றது. மற்றொன்று மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் என்றது. வென்ற கட்சியின் அரசு அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் வழங்கத் தொடங்கியது. கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன.

அப்போது எழுந்ததே ஒரு கூச்சல்! ‘இலவசம்! இலவசம்! நாடு கெட்டது! மக்கள் சோம்பேறி ஆனார்கள்!’ வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு என்பது அதன் பெயர். 2013 சூலை 5-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது நீதிமன்றம். இத்தகைய வாக்குறுதிகள் வாக்காளரை ஈர்க்கின்றன என்ற கவலையையும் சொல்லி, நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உரைத்தது. பின்னர், 2022 சூலையில், பிரதமரே ‘ரேவ்டி’ பண்பாடு என்று எள்ளினார். எள்ளும் சருக்கரையும் சேர்த்துச் செய்யும் வடநாட்டு மிட்டாய் அது. ஏழை வீட்டுக்குப் போகும் பொருள் மிட்டாயாம்!

எந்தக் கட்சி தந்தது என்பதன்று நம் வழக்கு. பொருள் என்ன, அது யார் கைக்குப் போயிற்று என்பதே வழக்கு. கல்லை மோட்டார் சுற்றினால் ஒரு பெண்ணின் தோள் தப்பும். இதை மிட்டாய் என்பவர் ஒரு படி உளுந்தை ஆட்டுக்கல்லில் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்! மிட்டாய் என்று எள்ளிய அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. 2022 சூலை 18 முதல் வெட் கிரைண்டர் மீதான ஜி.எஸ்.டி. வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக ஏறியது. கொடுத்தால் மிட்டாய், வாங்கினால் வரி. எந்த ஊர் நியாயம் இது?

சரி, சோம்பேறி என்றார்களே, அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2019-இல் ஒன்றிய அரசின் புள்ளியியல் துறையே நாடெங்கும் வீடு வீடாகச் சென்று, யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார் என்று கணக்கெடுத்தது. கூலியில்லா வீட்டு வேலையில் இறங்கும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடமே குறைவு. ஆண் செலவிடுவது 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் இறங்குகிற ஆண். அப்படி இறங்குகிற ஆண்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? 26.1. பெண்களோ 81.2. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சொல்லுங்கள் தோழர்களே, சோம்பேறி யார்?

இனி இந்தத் தலையங்கத்தின் நெஞ்சுக்கு வருவோம். இதுவரை சொன்னது இரண்டு கையும் நன்றாக உள்ளவளைப் பற்றி. கை பழுதுபட்டவர் நிலை என்ன?

ஆலையில் விரல் போனால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை நம் தொழிலாளத் தோழர்கள் அறிவார்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 விழுக்காடு என்று அது விரல் விரலாக எண்ணியது. போதுமா போதாதா என்பது வேறு வழக்கு. எண்ணவாவது எண்ணியது!

ஆலைவாயிலைத் தாண்டி அந்தத் தோழர் வீட்டுக்கு வருகிறார். நான்கு விரல் போன கையோடு வருகிறார். மனைவி வேலைக்குப் போகத் தொடங்குகிறாள். அடுப்பு இவர் பொறுப்பாகிறது. ஒரு கையால் கத்தியைப் பிடித்தால் கத்தரிக்காயை எந்தக் கையால் பிடிப்பார்? சம்பாத்தியத்தின் இழப்பை எண்ணிய சட்டம், சமைக்க முடியாத இழப்பை எண்ணியதா? முப்பது ஆண்டு அம்மியில் அரைத்து மணிக்கட்டு தேய்ந்த பெண்ணுக்கு எந்த அட்டவணை விழுக்காடு போட்டது? அவளுக்கு முதலாளி இல்லை. ஆகவே இழப்பீடும் இல்லை!

இந்தத் தோழருக்கு என்ன வேண்டும்? தங்கமா, வைரமா? ஒரு பலகை. அதில் கீழிருந்து மேலாய்த் துருப்பிடிக்காத ஆணி மூன்று. காயை ஆணியில் குத்தி நிறுத்தினால் அது உருளாது, நழுவாது. ஒரு கையால் நறுக்கலாம். மருத்துவமனைகளில் கைப்பயிற்சி தருவோர் நெடுங்காலமாய் அறிந்த பலகை இது. தச்சுப் பட்டறையில் அரை நாள் வேலை. கடையில் பார்த்தால் ‘ஆணி அடித்த பலகை எதற்கு?’ என்று நகைப்போம். எதற்கா? ஒரு மனிதன் தன் குழந்தைக்குத் தானே சமைத்துப் போடுவதற்கு!

இந்த உண்மையைத் தமிழ்நாட்டு மண் முன்பே உலகுக்குச் சொன்னது. கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். அவர் கண்டது என்ன? அந்தக் கைகளை அரித்து அழித்தது நோய் மட்டுமன்று. உணர்ச்சி அற்றுப்போனதால், சுடும் பாத்திரத்தைச் சூடு தெரியாமல் பிடிப்பதும், கரடுமுரடான பிடியை வலி தெரியாமல் இறுக்குவதும் அந்தக் கைகளைத் தின்றன. ஆகவே கையை மட்டும் திருத்தினால் போதாது, கை பிடிக்கும் பிடியையும் திருத்த வேண்டும் என்பது அங்கே பாடமாயிற்று. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955 முதல் நடந்துவரும் தொழுநோய் மருத்துவ நிலையமும் அந்த வழியில் உழைத்தது. சூடு ஏறாத மரப்பிடி போட்ட ஒரு சட்டி நமக்கு வசதி. உணர்ச்சியற்ற கைக்கோ அது காவல். ஒரே சட்டி, ஒரே பிடி. ஒருவருக்கு அலங்காரம், மற்றவருக்கு விரல்!

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. லிலியன் கில்பிரெத் என்ற பெண் பொறியாளர் ஆலைத் தொழிலாளியின் அசைவுகளை அளந்து பெயர் பெற்றவர். அதே அளவுகோலை அடுக்களைக்குக் கொண்டுபோய், இருதய நோயாளிகளுக்கும் உடல் குறைபாடு உள்ள பெண்களுக்கும் ஏற்ற சமையலறைகளை வகுத்தார். 1990-இல் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தம் மனைவி காய் சீவப் படும் பாட்டைப் பார்த்து, தடித்த மெத்தென்ற ரப்பர் பிடி போட்ட சீவுகத்தியைக் கொண்டுவந்தார். ‘ஆக்ஸோ’ என்ற பெயரில் அது விற்றது. நோயாளிக்கென்று நினைத்துச் செய்த பிடி, நோயில்லாதவருக்கும் பிடித்துப் போயிற்று! வலிக்கும் கைக்கு ஏற்றது, வலிக்காத கைக்கும் ஏற்றதே. வலுத்த கைக்கென்று செய்தது வலிக்கும் கைக்கு உதவாது. ஆகவே கருவியை அளக்க வேண்டிய அளவுகோல் எது? வீட்டிலேயே வலுவில்லாத கை எதுவோ, அதுதான்!

இதைக் கேட்டதும், ‘அப்படியானால் பழையது எல்லாம் கெட்டது, புதியது எல்லாம் நல்லது’ என்று நாம் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். அருவாமனையை எடுத்துக்கொள்ளுங்கள். மேனாட்டுக் கத்திக்கு இரண்டு கை வேண்டும். ஒன்று காயைப் பிடிக்க, ஒன்று கத்தியை ஓட்ட. அருவாமனையில் கத்தி நிற்கிறது, காய் நகர்கிறது. பலகையைக் காலால் மிதித்துக்கொண்டால், பழகிய ஒரு கையே அரியப் போதும்! நம் முன்னோர் அறிந்தோ அறியாமலோ செய்துவைத்த ஒற்றைக்கைக் கருவி அது. ஆனால் முழங்கால் மடங்காதவருக்கு? தரையில் உட்கார முடியாதவருக்கு? அவருக்கு அது எட்டாக்கனி. அவருக்கு மேசைமேல் வைக்கும் கருவி வேண்டும். இந்த நாட்டில் மக்கள் தரையில் குந்தியும் சம்மணமிட்டும் வாழ்கிறார்கள் என்பதை உணர்ந்துதான், 1960-களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியும், குந்தி எழ வசதியான ஜெய்ப்பூர்க் காலைச் செய்தார்கள். காலையே அடுப்படிக்கு ஏற்றபடி செய்ய முடிந்தது. அடுப்படியைக் காலுக்கு ஏற்றபடி செய்ய முடியாதா?

குக்கரைப் பாருங்கள். விசில் அடிக்கிறது. பார்வையற்ற தாய்க்கு அந்த ஒலியே கண். மூன்று விசில் எண்ணி அடுப்பை அணைப்பாள். காது கேளாத தாய்க்கோ அந்த விசில் அடித்தென்ன, அடிக்காமல் என்ன? அவளுக்கு விளக்கு மாறிக் காட்டும் மின்குக்கர் வேண்டும். அடுப்பைப் பாருங்கள். ஒரு கை திருகைத் திருப்ப, மறு கை லைட்டரைப் பிடிக்க வேண்டும். தானே பற்றிக்கொள்ளும் அடுப்பு நமக்குச் சிறு சொகுசு. ஒரு கை செயலிழந்தவருக்கு அதுதான் தீக்குச்சி, அதுதான் மறு கை! மிக்ஸியைப் பாருங்கள். மூடியை ஒரு கை அழுத்த, மறு கை திருக வேண்டிய மிக்ஸி ஒன்று. மூடி பூட்டிக்கொள்ளும் மிக்ஸி மற்றொன்று. கிரைண்டரில் கல்லைத் தூக்கி மாவை வழிக்க வேண்டியது ஒன்று. அப்படியே சாய்த்து வழிக்கக் கூடியது மற்றொன்று. விலையில் வேறுபாடு சில நூறோ, ஓராயிரமோ. வாழ்வில் வேறுபாடு? ஒன்றில் அவர் சமைப்பவர். மற்றொன்றில் பிறர் சமைத்துப் போடக் காத்திருப்பவர்.

இவ்வளவு சொன்னபின், வணிகர் விரிக்கும் வலையையும் சொல்லாமல் விட்டால் நாம் நடுவுநிலை தவறியவர் ஆவோம். சித்திரைப் பொருட்காட்சிக்குப் போகிறோம். ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு ஒருவர் கேரட்டைப் பூவாய் வெட்டிக் காட்டுகிறார். பன்னிரண்டு வேலை செய்யும் ஒரே கருவி என்கிறார். வாங்கி வருகிறோம். நம் வீட்டுக் கேரட் பூவாவதில்லை. ஒரு மாதத்தில் பிளாஸ்டிக் பல் உடைகிறது, பின்பு அது பரண் ஏறுகிறது. இல்லாதவன் வீட்டுப் பரணில் தூங்கும் ஒவ்வொரு கருவியும் அவன் ஒரு நாள் கூலி. விளம்பரக்காரன் வித்தையில் மயங்கித் தவணை கட்டிப் பொருள் வாங்கி, தவணைக்கே உழைத்துத் தேயும் குடும்பங்கள் எத்தனை!

ஆகவே வாங்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள்.

யார் கைக்கு இது? வாங்குகிறவர் கைக்கா, வேலை செய்கிறவர் கைக்கா? அவரையே அழைத்துப் போய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாரத்தில் எத்தனை நாள் இது வேலை செய்யும்? நாள்தோறும் அரைக்கும் வீட்டுக்குக் கிரைண்டர் தேவை. ஆண்டுக்கொரு முறை பிழியும் முறுக்குக்கு மோட்டார் தேவையில்லை.

கழுவ எத்தனை நேரம்? ஐந்து நிமிடம் நறுக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழுவ வைக்கும் கருவி வேலையைக் குறைக்கவில்லை, இடம் மாற்றுகிறது.

கெட்டால் யார் பழுது பார்ப்பார்? மிக்ஸியில் கார்பன் தேய்ந்தாலும், பிளேடு மழுங்கினாலும், தெருமுனைக் கடையில் சரிசெய்து தருவார்கள். உதிரிப்பாகம் ஊரிலேயே கிடைக்கும். உதிரி கிடைக்காத பொருள் எவ்வளவு பளபளத்தாலும் பத்திரமாய்க் கடையிலேயே இருக்கட்டும்.

இந்த நான்கில் முதல் கேள்வியே தலையாய கேள்வி. மூட்டு வீங்கிய தாய்க்கு மூடி திறக்கும் கருவி, வாரம் ஒரு முறை பயன்பட்டாலும் வாங்கத் தக்கதே. அந்த ஒரு முறை அவள் அண்டை வீட்டுக் கதவைத் தட்டி நிற்க வேண்டாமே!

இனி அரசுக்கு ஒரு சொல்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் 11 இலட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். ஊனமுற்றோர் என்ற சொல்லை அகற்றி, மாற்றுத்திறனாளி என்ற சொல்லைக் கலைஞர் ஆட்சி அரசு வழக்கில் ஏற்றியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. சொல் மாறியது, சட்டம் விரிந்தது. மகிழ்ச்சி. ஆனால் அடுக்களை மாறியதா?

ஒன்றிய அரசு 1981 முதல் உதவிக் கருவிகள் வழங்கும் திட்டம் நடத்துகிறது. சக்கர நாற்காலி உண்டு, மூன்று சக்கர வண்டி உண்டு, செவிக் கருவி உண்டு. தமிழக அரசு மோட்டார் பொருத்திய தையல் எந்திரமும் தருகிறது. வெளியே போக வண்டி, பிழைக்கத் தையல் எந்திரம். நல்லது! உண்ண என்ன வழி? வாசல் வரை சாய்தளம் போடும் அரசு, வாசலுக்கு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாமா? வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. தொழுநோயிலிருந்து மீண்டோருக்கு அன்றாட வாழ்வுக்கான கருவிகள் அடங்கிய பெட்டி அந்த ஒன்றியத் திட்டத்திலேயே உண்டு. ஒருவருக்குத் தரத் தெரிந்த அரசுக்கு மற்றவர்க்குத் தரவும் தெரிய வேண்டும்.

நாம் கேட்பது இதுதான். ஆணிப்பலகை, தடித்த பிடி போட்ட கத்தியும் கரண்டியும், மூடி திறக்கும் கருவி, தானே பற்றும் அடுப்பு, தானே நிற்கும் குக்கர், சாய்த்து வழிக்கும் கிரைண்டர் — இவற்றை உதவிக் கருவிப் பட்டியலில் ஏற்றுங்கள். எவருக்கு எது என்று அலுவலகத்தில் அமர்ந்தபடி முடிவு செய்யாதீர்கள். பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டு அடுக்களைக்குப் போகட்டும், அந்தக் கையைப் பார்க்கட்டும், அந்தக் கைக்குரியவரைக் கேட்கட்டும். மாற்றுத்திறனாளி வாங்கும் அடுக்களைக் கருவிக்கு, சக்கர நாற்காலிக்கு உள்ள வரிச்சலுகை வேண்டும். அதுவும் ஒரு சக்கர நாற்காலியே. அது கைக்கு ஏற்ற சக்கரம்!

தோழர்களுக்கும் சொல் உண்டு. எல்லாவற்றுக்கும் கோட்டையைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டுமா? ஆணிப்பலகைக்கு அமைச்சரவை கூட வேண்டுமா? வில்லாபுரத்திலும் அவனியாபுரத்திலும் செயிந்துபுரத்திலும் தச்சுத் தெரிந்த, கடைசல் தெரிந்த தோழர்கள் எத்தனை பேர்! உங்கள் வட்டத்தில் ஒரு கை இழந்தவர், வாதத்தில் விழுந்தவர் எத்தனை வீட்டில் இருக்கிறார் என்று கணக்கெடுங்கள். கொடியேற்றும் நாளில் வாழ்த்தொலி எழுப்புவதோடு, அந்த வீட்டுக் கரண்டிக்கு ஒரு தடித்த பிடி போட்டுக் கொடுங்கள். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் கூடப் பிடி தடிக்கும்!

இன்னும் ஒன்று. கருவி வந்தது, பெண்ணுக்கு வேலை குறைந்தது என்று நாம் மட்டும் நிம்மதியாய் நாற்காலியில் சாய்ந்துவிடலாகாது. கிரைண்டருக்குப் பொத்தானை அழுத்த ஒரு விரல் போதும். அந்த விரல் ஏன் எப்போதும் பெண்ணின் விரலாகவே இருக்க வேண்டும்? ஆயிரம் ரூபாய்க் கருவி செய்யாததை ஆண்மகனின் அரைமணி நேரம் செய்யும். பெண் விடுதலையை மேடையில் முழங்கிவிட்டு வீடு திரும்பி, ‘காப்பி எங்கே?’ என்று முழங்குகிறவர், பாதி வழியிலேயே கொள்கையை விட்டுவிட்டு வந்தவர்!

எள்ளி நகையாடுவது எளிது. வலி இல்லாத கைக்கு எல்லாக் கருவியும் வேடிக்கைதான். பல் உள்ளவனுக்கு இடித்த பாக்கு ஏளனம். ஆனால் ஏளனம் செய்த பல்லும் ஒரு நாள் ஆடும், ஓங்கிய கையும் ஒரு நாள் நடுங்கும். முதுமை எவர் வீட்டுக் கதவையும் தட்டாமல் போவதில்லை. அன்று நமக்கும் தேவைப்படும் அந்தக் கருவியை, இன்று தேவைப்படுவோர்க்கு மறுப்பது அறமாகுமா?

கடைக்குப் போகும் முன்னும், சட்டம் இயற்றும் முன்னும், சிரிக்கும் முன்னும், வீட்டில் நோகும் கை எதுவோ அதைக் கேளுங்கள். அது சொல்வதே தீர்ப்பு!